கட்டிக்குள் மட்டும்

ஜூன் 3, செவ்வாய்

விடிந்ததிலிருந்து தூறல். தேயிலை பறிக்கப் போகும் அம்மாக்கள் பிள்ளை மடுவத்தில் விட்டுப்போன குழந்தைகளில் பாதிக்கு மூக்கொழுகல். எல்லாம் என் மடியில்தான் வந்து துடைக்கும்.

வாங்க வேண்டியது: சவர்க்காரம், பஞ்சு, மகள் துளசிக்கு உயர்தரப் பரீட்சைப் பழைய வினாத்தாள்.

அவருக்கு இன்று கிளினிக். மூளையில் கட்டி எடுத்த பிறகு முதல் தடவை. எனக்கு லீவு கிடைக்கவில்லை, நாத்தனார் புஷ்பம் கூடப் போனாள். எடுத்த கட்டியில் ஒரு துண்டு வைத்திருக்கிறார்களாம். அதைச் சோதித்தால் மாத்திரை கேட்குமா, புது மருந்து ஆராய்ச்சியில் சேர்க்கலாமா என்று தெரியுமாம். மனுசன் கையெழுத்துப் போடாமல் வந்து நிற்கிறார்!

ஏன் என்று கேட்டதும் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். கெட்ட சாதிக் கட்டி, வெட்டினாலும் திரும்ப வரும் என்று டொக்டர் முதலிலேயே சொன்னது. இதில் ரோசம் வேறு.

ஜூன் 4, புதன்

வெயில். போர்வை எல்லாம் காய்ந்தது.

புஷ்பத்தைப் பிடித்து உலுக்கியதில் வந்தது. டொக்டர் சிங்களத்தில் ‘ஜான’ என்றாராம். மரபணு. கொழுந்து லொறி ஓட்டிய காலத்தில் அவர் சிங்களம் தண்ணி மாதிரி பேசுவார், ஒப்பரேசனுக்குப் பிறகு பாதி போய்விட்டது. இவள்தான் தமிழில் சொல்லியிருக்கிறாள்.

“பரம்பரை டெஸ்டுன்னு சொன்னேன் அண்ணி. எங்க பரம்பரையில யாருக்கு இது வந்துச்சு? எங்கப்பா கடைசி வரைக்கும் மலையேறி தேயிலைச் செடிக்கு கவ்வாத்து வெட்டுனாரு!”

வாய்க்கு வந்ததைத் திட்டினேன். அழுதாள். தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தேன்.

ராத்திரி, துளசி படிக்க உட்கார்ந்த பிறகு அவரே மெதுவாக:

“எனக்கு வந்தது எனக்கு. புள்ளைக்கும் இருக்குன்னு காயிதத்துல வந்துருச்சுன்னா? பரீட்சை எழுதப் போற புள்ள.”

“அப்படியெல்லாம் இல்லங்க.”

“ஒனக்கு எப்படித் தெரியும்?”

எனக்குத் தெரியாது. அதுதான் எரிச்சல். பயமும்.

ஜூன் 10, செவ்வாய்

லீவு போட்டு அவரோடு நானே கிளினிக்குப் போனேன். பொகவந்தலாவை வளைவுகளில் அவருக்கு வாந்தி. இஞ்சி டொபி உதவவில்லை.

டொக்டர் சின்ன வயசு, பொறுமைக்காரர். என் சிங்களத்தைச் சகித்துக்கொண்டார். சோதிப்பது கட்டியின் மரபணுவை. அதில் உள்ள கோளாறு கட்டிக்குள்ளேயே உண்டானது. தாய் தகப்பன் கொடுத்ததில்லை, பிள்ளைக்குப் போவதுமில்லை.

“கட்டிக்குள்ள மட்டுந்தானா?” என்றேன்.

“மட்டுந்தான்.”

“இன்னொருக்கா கேளு தேவி” என்றார் இவர்.

கேட்டேன். டொக்டர் அவர் பக்கம் திரும்பித் தமிழிலேயே, “மட்டும் தான் ஐயா” என்றார்.

அவர் போட்ட கையெழுத்து கோட்டுக்குக் கீழே இறங்கிப் போனது. போனால் போகட்டும்.

ஜூலை 8, செவ்வாய்

பனிமூட்டம். பஸ் தாமதம். பிள்ளை மடுவத்துச் சாவி என் கைப்பையிலேயே வந்துவிட்டது, யார் திறந்தார்களோ.

முடிவு வந்தது. மாத்திரை நன்றாக வேலை செய்ய, கட்டியில் ஒரு மரபணு மூடிக் கிடக்க வேண்டுமாம். இவருடையது திறந்திருக்கிறது. அதனால் மாத்திரை உடைப்பதைக் கட்டி தானே ஒட்டவைத்துக்கொள்ளும். கொடுப்பார்கள், பெரிதாக நம்ப வேண்டாம். புது மருந்துக்குத் தேவையான மாற்றமும் கட்டியில் இல்லை. வெளிநாடுகளில் வேறு மருந்துகள் பார்க்கிறார்களாம், வருசக்கணக்கில் ஆகும். எங்களிடம் வருசங்கள் ஏது?

மறைக்கவில்லை. அத்தனையும் அவரிடம் சொன்னேன். தலையாட்டிக் கேட்டார்.

“சரி. புள்ளைக்கு?”

“புள்ளைக்கு ஒண்ணும் இல்ல. அன்னைக்கே சொன்னாருல்ல.”

முகம் தெளிந்துவிட்டது. நோய் வந்த பிறகு அப்படி ஒரு முகம் பார்க்கவில்லை. எனக்குக் கோபம்கூட வந்தது.

பஸ்ஸில் முன் சீட்டுக்காரர் ஏதோ விசாரிக்க, “ரிசல்ட் வந்துருச்சுங்க. நல்ல ரிசல்ட்டு” என்றார். பஜாரில் இறங்கி, துளசிக்குப் பிடிக்கும் என்று கேக் வாங்கினார்.

வீட்டு வாசலிலேயே அவளிடமும் அதையே சொன்னார். நல்ல ரிசல்ட்டு. அவள் குதித்தாள். கேக் பெட்டியோடு அவரைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, “அப்ப ஒங்களுக்குச் சரியாயிருமாப்பா?” என்றாள்.

தன் நோயைப் பற்றி அவள் கேட்பாள் என்று அவர் நினைக்கவே இல்லை. என்னைப் பார்த்தார்.