நீ உள்ளே, நான் வெளியே

“சார், இவளுக்குக் காய்ச்சல்.” அன்று நான் சொல்லாமல் விட்டது இந்த மூன்று சொற்கள்தான்.

இன்று மாலை அயனம்பாக்கத்தில், எங்கள் அடுக்குமாடிக்குக் கீழே பெண்கள் வாலிபால் ஆடிக்கொண்டிருந்தார்கள். பக்கத்து வீட்டு அக்கா கேட்டார்: “அந்தப் பொண்ணு மட்டும் ஏன் வேற கலர் போட்டிருக்கா? யூனிஃபார்ம் துவைக்கலையா?” அவள் லிபரோ என்றேன். பின்வரிசையில் மட்டும் ஆடுவாள், விழப்போகும் பந்தைத் தரையோடு எடுப்பாள், வலையருகே எழும்பி அடிக்க அவளுக்கு அனுமதியில்லை என்றேன். உள்ளே வந்துவிட்டேன்.

நம் பள்ளி அணியில் நீதான் லிபரோ; நான் வலையருகே நடுவில் நின்று தடுப்பவள். பின்வரிசைக்குச் சுழன்று வந்து சர்வீஸ் போட்டு முடித்ததும் நான் வெளியேறுவேன், என் இடத்துக்கு நீ வருவாய். நான் முன்னே போகும் முறை வந்தால் நீ வெளியே. மூன்று வருடம் ஒரே அணியில் இருந்தும் நாம் ஒரு பந்தைக்கூடச் சேர்ந்து ஆடியதில்லை. “ஒரே செருப்ப மாத்தி மாத்திப் போட்டுகினு போற அக்கா தங்கச்சி மாரி கீறோம்டி” என்பாய். கோட்டருகே கையோடு கை தட்டிக் கடக்கும் நேரம்தான் நமக்கு. அதற்குள்ளும் ஒரு திட்டு வைத்திருப்பாய். “இன்னா நெட்டக்கொக்கு, நெட்டப் புடிச்சித் தொங்கினு கீற? குதிடி!”

ஆவடியில் நடந்த அந்த ஆட்டத்தைப் பார்க்கக் கல்லூரித் தேர்வாளர்கள் வந்திருந்தார்கள். விளையாட்டில் சீட் கிடைத்தால்தான் உனக்குப் படிப்பு. இல்லையென்றால் அம்பத்தூரில் கம்பெனி வேலை என்று உன் அப்பா சொல்லியிருந்தார். இரண்டாவது செட்டில் கைதட்டியபோது உன் உள்ளங்கை கொதித்தது.

“காய்ச்சலாடி?”

“சார்கிட்ட சொல்லிடாத. ஒக்கார வெச்சிடுவாரு. இன்னிக்கி ஒரு நாளு விடு.”

நீ உள்ளே இருக்கும் நேரமெல்லாம் நான் பெஞ்சில், பி.டி. சாருக்குப் பக்கத்தில்தான் இருந்தேன். நீ விழுந்து விழுந்து பந்தெடுத்தாய். சார் என் பக்கம் திரும்பி, “உன் கூட்டாளிக்கு இன்னா ஆச்சு இன்னிக்கி? பேய் புடிச்சாப்ல ஆடுறா!” என்று சிரித்தார். நானும் சிரித்தேன். உனக்கு உதவுவதாகத்தான் அப்போது நினைத்தேன். இப்போது அப்படி நினைக்க முடியவில்லை.

நாம் ஜெயித்தோம். மூன்றாம் நாள் உன்னை மருத்துவமனையில் சேர்த்தார்கள், டெங்கு. அந்த வாரக் கடைசியில் நீ இறந்துபோனாய். பிறகு வந்த தேர்வுப் பட்டியலில் உன் பெயர் இருந்தது. அடுத்த ஆட்டத்தை லிபரோ இல்லாமல் ஆடினோம். சர்வீஸ் போட்டு முடித்த பிறகும் நான் உள்ளேயே நின்றேன்.