பட்டப்பேர் வழிச் சொந்தம்

கோபித்துக்கொண்டு ரிமூஸ்கியில் இருக்கும் அக்காள் வீட்டுக்குப் போனவளுக்கு,

வீட்டில் எல்லாம் சௌக்கியம். மூன்று வாரமாக டப்பாப் பட்டாணிதான்.

பெட்டியைத் தூக்கும்போது நீ என்ன சொன்னாய்? "நல்லவேளை, கல்யாணத்துக்கப்புறமும் லாதூசர்ங்கிற எங்கப்பா பேரை நான் விடல. உங்க கார்னோ பேரு யாருக்கு வேணும்!" உன் அக்காள் போனில், "கார்னோ வம்சத்து ஆளுங்க யாரும் என் வாசப்படி ஏறக்கூடாது" என்று கத்தினாள்.

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. எங்கள் வம்சப் பெருமையை உனக்கு எழுதி அனுப்பலாமென்று கோயிலுக்குப் போய் ஞானஸ்நானப் பதிவேட்டைக் கேட்டேன். அங்கிருந்த அம்மாள் ஏட்டைப் புரட்டிவிட்டுச் சிரித்தாள்.

"ஐயா, ஒம்பது தலைமுறைக்கு முந்தின உங்க மூதாதை கார்னோ, ஒரு பட்டாளத்துக்காரர். அங்க அவருக்கு லாதூசர்னு பட்டப்பேர் வச்சிருக்காங்க. மூத்த மகன் கார்னோவாவே இருந்துட்டாரு, அது உங்க வழி. இளையவரு பட்டப்பேரையே குடும்பப்பேரா வச்சுக்கிட்டாரு. உங்க சம்சாரம் அந்த வழி."

ஆக, ஒன்பது தலைமுறையாக நீயும் கார்னோதான். உன் அக்காளும்தான்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் வருகிறேன். வாசப்படி விஷயத்தில் உன் அக்காள் இன்னும் உறுதியாக இருந்தால், அவளையும் கூட்டிக்கொண்டு வெளியே வா. மூன்று பேருமாகப் பனியில் நின்று பேசுவோம். நீ விட்டுப்போன கம்பளிக் கையுறையை எடுத்து வருகிறேன்.

இப்படிக்கு,
எந்தப் பேரில் கூப்பிட்டாலும் வருகிறவன்