பெயர் சொன்ன பிறகுதான் சாப்பாடு

ஏப்ரல் 12, சனி

நான் காதைச் சொறிந்தால் ஜட்ஜ் கொட்டாவி விடுகிறான். பல நாள் பிஸ்கட் செலவு, இன்று பலன். தான் இல்லாவிட்டால் கல்லூரியில் மின்விசிறிகூடச் சுற்றாது என்கிற ரீதியில் அண்ணன் ஏதோ அளந்துகொண்டிருந்தான். நான் காதைச் சொறிந்தேன். ஜட்ஜ் தாடை கழன்றுவிடும்போல ஒரு கொட்டாவி விட்டான். அப்பாவுக்குச் சிரிப்பில் தண்ணீர் மூக்கில் ஏறிவிட்டது. அண்ணன் இன்னும் அதைத் தற்செயல் என்றே நம்புகிறான். படித்தவன்.

வீட்டில் என்னைக் கூப்பிடுவது வாலு. நிஜமாகவே வால் உள்ளவர்கள் மூன்று பேர் இருந்தும் பட்டம் எனக்குத்தான்.

அந்த மூன்று நாய்களில் மூத்தவன் ஜட்ஜ். எல்லாரையும் குற்றவாளிக் கூண்டில் வைத்துப் பார்ப்பான். அடுத்தவள் பட்டாசு. ஆள் திரி அளவு, சத்தம் சரம் அளவு. மூன்றாவது கம்பளி. அத்தை வேலை மாறிப் போன ஊரில் நாய் வைத்துக்கொள்ள வீடு கிடைக்கவில்லை என்று போன மாதம் எங்களிடம் வந்தவன். உடம்பெல்லாம் முடி. முகம் எந்தப் பக்கம் என்று மூக்கு வந்து இடித்தால்தான் தெரியும்.

ஏப்ரல் 15, செவ்வாய்

அம்மா ஒரு பள்ளியில் விளையாட்டு டீச்சர். கழுத்தில் விசில் இல்லாமல் அம்மாவைப் பார்ப்பது அபூர்வம். அம்மாவுக்கு ஒரே கொள்கை: எல்லாருக்கும் எல்லாம் சமம். சின்ன வயதில் எனக்கும் அண்ணனுக்கும் ஜூஸ் ஊற்றினால், குனிந்து இரண்டு டம்ளரையும் கண்மட்டத்தில் வைத்துப் பார்ப்பாள். ஒன்றில் கூடியிருந்தால் தானே குடித்துச் சரிசெய்வாள். அப்புறம் மற்றதில் கூடியிருக்கும். நீதி நிலைநாட்டப்படும்போது ஜூஸ் அம்மாவிடம் இருக்கும்.

நாய்களுக்கும் அதே சட்டம். ஒரே மாதிரி மூன்று கிண்ணம், ஒரே வரிசை, ஒரே அளவு. விசில் அடித்ததும் மூன்றும் ஒன்றாகப் பாய வேண்டும். யாருக்கும் முன்னுரிமை இல்லை.

கம்பளி முதலில் முடிக்கிறான். முடித்துவிட்டுப் பக்கத்துக் கிண்ணத்தை எட்டிப் பார்க்கிறான். ஜட்ஜின் தொண்டைக்குள் மிக்ஸி ஓடுகிறது. இன்று அது கொஞ்சம் கூடுதலாக ஓடியது.

ஏப்ரல் 16, புதன்

சண்டை.

கம்பளி ஜட்ஜ் கிண்ணத்துல மூக்கை விட்டான், அவ்வளவுதான். ஜட்ஜ் பாய்ஞ்சான். கம்பளி திருப்பிப் பாய்ஞ்சான். பட்டாசு யார் பக்கம்னே தெரியாம ரெண்டு பேரையும் கடிக்கப் போறா. அம்மா விசில் அடிக்க அடிக்க இன்னும் வேகமா அடிச்சுக்கறாங்க. அண்ணன் நடுவில் கையை விட்டான் — யார் பல் என்று தெரியவில்லை. உள்ளங்கையில் தையல். ஜட்ஜின் காது நுனி கிழிந்திருக்கிறது.

கம்பளி சோபாவுக்கு அடியில் போனவன் இன்னும் வரவில்லை. அவ்வளவு பெரிய உடம்பு அதற்குள் எப்படி நுழைந்தது? நான் தரையில் படுத்துக் கையை நீட்டினேன். விரலை நக்கினான். வெளியே மட்டும் வரவில்லை.

ஏப்ரல் 17, வியாழன்

தீர்ப்பு வந்துவிட்டது, ஜட்ஜிடமிருந்து அல்ல. கம்பளி போகிறான். ஊர் எல்லையில் சித்தப்பாவின் கிடங்குக்கு. அங்கே காவலுக்கு நாய் வேண்டுமாம். பகலெல்லாம் தூணில் சங்கிலி, ராத்திரி அவிழ்த்துவிடுவார்களாம்.

அம்மாவிடம் கெஞ்சினேன். நான் கெஞ்சி அம்மா பார்த்ததே இல்லை, அதனாலோ என்னவோ உட்கார்ந்து கேட்டாள். அவன் கெட்டவன் இல்லை, அத்தை வீட்டில் ஒற்றைப் பிள்ளையாக வளர்ந்தவன், கிண்ணத்தில் பங்குக்கு ஆள் வருவதை அவன் பார்த்ததே இல்லை, நான் பழக்குகிறேன் என்றேன்.

அண்ணன் கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு, "இவளையே இன்னும் யாரும் பழக்கல" என்றான். நல்ல ஜோக்தான். இன்று சிரிக்கவில்லை.

அம்மா ஒரு நிபந்தனை போட்டாள். "லீவு முடியறப்ப சித்தப்பா வருவார். அதுக்குள்ள எனக்குக் காட்டு. நடுவுல ஒரு கடி, ஒரே ஒரு கடி — அன்னைக்கே அனுப்பிடுவேன். யார் கடிச்சாலும் போறது கம்பளிதான்."

எல்லாரும் சமம் என்ற வீட்டில் இது என்ன நியாயம் என்று கேட்க வாய் வரை வந்தது. விழுங்கிவிட்டேன். என் வாய் மூடிய நாட்களில் இதுவும் ஒன்று. மொத்தமே கொஞ்சம்தான்.

ஏப்ரல் 20, ஞாயிறு

அம்மா வழியிலேயே தொடங்கினேன். மூன்றையும் வரிசையாக நிறுத்தி, 'உட்கார்.' பட்டாசு உட்கார்ந்தாள், எழுந்தாள், உட்கார்ந்தாள், குரைத்தாள், தானே தன்னைப் பாராட்டிக்கொண்டாள். ஜட்ஜ் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு நிழலுக்குப் போனான். கம்பளி இருவரையும் பார்த்துக்கொண்டிருந்தானே தவிர என்னைப் பார்க்கவே இல்லை. எங்கள் வகுப்பில் கடைசி பெஞ்சைப் பார்த்துக் கணக்கு சார் கத்துவது நினைவுக்கு வந்தது. அந்தப் பெஞ்சில் இருப்பது நான்தான். அவர் கஷ்டம் இன்று புரிந்தது. திருந்த மாட்டேன், ஆனால் புரிந்தது.

இப்போதைக்குச் சாப்பாடு தனித்தனி அறையில். கம்பளிக்குக் குளியலறை.

ஏப்ரல் 21, திங்கள்

மறுபடியும் அதே. பட்டாசு என் செருப்பைத் தின்றாள். இடது மட்டும்.

ஏப்ரல் 24, வியாழன்

கண்டுபிடித்துவிட்டேன் கண்டுபிடித்துவிட்டேன்.

அப்பாவும் அண்ணனும் ஜட்ஜின் காதைக் காட்ட டாக்டரிடம் போனார்கள், கூடவே தடுப்பூசிக்குப் பட்டாசும். அம்மா மைதானத்தில். வீட்டில் நானும் கம்பளியும் மட்டும். சும்மா ஒரு பழைய துண்டைத் தரையில் விரித்தேன். அவன் அதில் கால் வைத்ததும் அவித்த கோழித் துணுக்கு ஒன்று கொடுத்தேன். இறங்கினான். திரும்ப ஏறினான். துணுக்கு. உட்கார்ந்தான். துணுக்கு. அவர்கள் திரும்பி வருவதற்குள், 'இடம்' என்று நான் சொன்னால் சமையலறையிலிருந்துகூட ஓடிவந்து துண்டில் உட்கார்ந்து, முடிக்குள்ளிருந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தான்.

இவனா மக்கு? பக்கத்தில் ஆள் இருந்தால் தன் சாப்பாடு போய்விடுமோ என்ற கவலையில் பாடம் காதில் ஏறவில்லை, அவ்வளவுதான். இவர்கள் வகுப்பு இல்லை. மூன்று தனித்தனி ஆட்கள். ஒவ்வொருவருக்கும் தனி டியூஷன் வேண்டும்.

ஏப்ரல் 27, ஞாயிறு

அம்மாவோடு வாக்குவாதம். என் திட்டத்தைச் சொன்னேன்: முதலில் தனித்தனியாக, அப்புறம் இரண்டிரண்டாக, கடைசியில் மூவரும். ஆளுக்கு ஒரு துண்டு, தள்ளித் தள்ளி. விசில் கிடையாது. பெயர் சொன்னவர் மட்டும் எழுந்துவந்து தன் கிண்ணத்தில் சாப்பிட வேண்டும். மற்றவர்கள் துண்டிலேயே. முதலில் ஜட்ஜ், பிறகு பட்டாசு, கடைசியில் கம்பளி.

"அது எப்படி? ஒருத்தன் திங்க இன்னொருத்தன் வாயைப் பாத்துக்கிட்டு இருக்கணுமா? என் வீட்டுல அந்தப் பாகுபாடு வேணாம்."

"சும்மா பாக்க மாட்டான்மா. ஜட்ஜ் பேரைச் சொல்றப்பல்லாம் கம்பளி வாயில ஒரு துணுக்கு போடுவேன். ஜட்ஜைக் கூப்பிட்டா தனக்கும் ஏதோ கிடைக்கும்னு அவனுக்குத் தோணணும். நீ எல்லாருக்கும் ஒரே நேரத்துல கொடுத்துப் பந்தயம் வச்சிட்ட. அவங்களும் ஓடினாங்க."

அம்மா பாத்திரம் கழுவப் போய்விட்டாள். கழுவும் சத்தம் பெரிதாகக் கேட்டது. ஆனால் கோழி வாங்கக் கடைக்குப் போகும்போது, "துணுக்குக்கும் சேத்து வாங்கவா?" என்று வாசலிலிருந்து கேட்டாள்.

மே 2, வெள்ளி

அப்பா லிஃப்ட் பழுது பார்ப்பவர். எந்தக் கதவையும் நான்கு நிமிஷம் முறைத்தால் அது அடங்கிவிடும். சமையலறைக்கும் கூடத்துக்கும் நடுவே இடுப்புயரத்தில் கம்பிக்கதவு ஒன்று போட்டுக் கொடுத்தார். ஒருவனுக்கு டியூஷன் நடக்கும்போது மற்ற இருவரும் அந்தப் பக்கம். பட்டாசு கம்பி வழியாக மூக்கை நீட்டி விமர்சனம் செய்கிறாள்.

ஜட்ஜுக்கு 'இடம்' கற்றுக்கொடுத்தது கௌரவப் பிரச்சினை. அவனுக்குத் துண்டின் மேல் அண்ணனின் பழைய பட்டுத் தலையணை உறையை விரித்தேன். உடனே வந்து உட்கார்ந்தான். தரம் பார்க்கிறவன்.

மே 6, செவ்வாய்

பட்டாசும் கம்பளியும் சேர்ந்து. இரண்டு துண்டு, நடுவில் நான். சத்தமே இல்லாமல் பட்டாசு உட்கார்ந்திருந்தாள். பேட்டரி தீர்ந்துவிட்டதோ என்று தொட்டுப் பார்த்தேன்.

மே 9, வெள்ளி

ஜட்ஜும் கம்பளியும், ஒரே அறையில், சண்டைக்குப் பிறகு முதல் முறை. ஜட்ஜின் கழுத்துப் பட்டையை அண்ணன் பிடித்துக்கொண்டான். நான் கேட்கவில்லை, தானே வந்தான். அவன் கை வியர்த்திருந்தது. என் கையும்தான், ஆனால் நான் காட்டிக்கொள்ளவில்லை.

"ஜட்ஜ்." போனான், சாப்பிட்டான். கம்பளிக்குத் துணுக்கு. ஜட்ஜ் மென்று முடிக்கும் வரை கம்பளி துண்டில் உட்கார்ந்து நடுங்கிக்கொண்டிருந்தான். எழவில்லை. "கம்பளி." பறந்தான்.

அண்ணன் மெதுவாக, "வாலு, இது நிஜமாவே வேலை செய்யுது" என்றான். பொறாமை கலந்த மரியாதை. பிடித்திருந்தது. இதை வைத்து ஒரு வாரம் ஓட்டலாம்.

மே 10, சனி

நான் ரொம்பப் பெரிய ஆள். இதை எழுதிவைக்காவிட்டால் வரலாறு மன்னிக்காது.

மே 14, புதன்

மூவரும் துண்டில். நான் ஜட்ஜின் பெயரைச் சொல்ல வாய் திறந்தேன். அம்மா எதையோ எடுக்க வந்தவள், பழக்கதோஷம், விசில் அடித்துவிட்டாள்.

மூன்றும் பாய்ந்தன. ஜட்ஜும் கம்பளியும் ஒரே கிண்ணத்துக்கு. ஒரு கடி. ஒரே ஒரு கடி. உறுமல் கேட்டது. நான் கத்தல — எப்படிக் கத்தாம இருந்தேன்னு இப்பவும் தெரியல. சாதாரணக் குரலில் "இடம்" என்றேன். கம்பளி திரும்பினான். கிண்ணத்தை ஒரு தடவை பார்த்தான், என்னை ஒரு தடவை. போய்த் துண்டில் உட்கார்ந்தான். ஆளில்லாத சண்டையை ஜட்ஜ் என்ன செய்வான், அவனும் தொண்டையை நிறுத்திவிட்டுச் சாப்பிட்டான்.

அம்மா விசிலைக் கழற்றிப் பைக்குள் போட்டாள். "அவன் போனான் பாத்தியா, தானா போனான்" என்று அப்பாவிடம் போனில் சொல்லிக்கொண்டிருந்தாள். என்னிடம் சொல்லவில்லை. நான் கதவுக்குப் பின்னால் நின்று எல்லாவற்றையும் கேட்டேன். இரண்டு தடவை சொன்னாள்.

மே 20, செவ்வாய்

ஞாயிறு சித்தப்பா வருகிறார். சங்கிலியோடு வருகிறேன் என்று போனிலேயே சொல்லிவிட்டார்.

ஒரு யோசனை. சித்தப்பா குரல் கேட்டாலே கம்பளி மல்லாந்து படுத்து வயிற்றைக் காட்டும்படி பழக்கிவிட்டால்? எந்தக் கிடங்குக்கும் ஆகாத நாய் என்று அவரே விட்டுவிட்டுப் போய்விடுவார். இரண்டு நாளில் முடிகிற வேலை. சித்தப்பா குரலில் எனக்கு நன்றாகவே பேச வரும்.

வேண்டாம். உதவாக்கரை என்று யாரோ நினைத்ததால் அவன் இங்கே இருக்கக்கூடாது. அவன் செய்து காட்டியிருக்கிறான், அதற்காக இருக்கட்டும்.

(சித்தப்பா குரலில் அண்ணனிடம் பேசிப் பார்த்தேன். எழுந்து நின்றான்.)

மே 25, ஞாயிறு

வந்தார். ஒரு கையில் சங்கிலி, இன்னொரு கையில் எங்கள் எல்லாருக்குமாகப் பொரித்த கோழி. நாங்கள் கூடத்தில் மூவரையும் துண்டில் உட்கார வைத்திருந்தோம். அவர் செருப்பைக் கழற்றக் குனிந்தார். பையின் அடி எண்ணெயில் ஊறி இருந்தது போல, கிழிந்தது. கோழித் துண்டுகள் கூடம் முழுக்க உருண்டன. ஒன்று நேராகப் போய்க் கம்பளியின் முன்னங்காலில் முட்டி நின்றது.

மூன்றும் எழுந்துவிட்டன. ஜட்ஜின் மிக்ஸி ஓடத் தொடங்கியது. அம்மாவின் கை கழுத்துக்குப் போனது. அங்கே விசில் இல்லை. கையைக் கீழே இறக்கினாள். என்னைப் பார்த்தாள்.

"இடம்" என்றேன்.

பட்டாசு போன் அதிர்கிற மாதிரி அதிர்ந்துகொண்டே உட்கார்ந்தாள். ஜட்ஜ் ஏதோ மேல்முறையீட்டுக்குப் போவது போல ஒரு பெருமூச்சு விட்டு உட்கார்ந்தான். கம்பளி காலடியில் இருந்த கோழித் துண்டைப் பார்த்தான். வாயிலிருந்து எச்சில் நூலாக இறங்கியது. பிறகு, கோழி மேல் பட்டுவிடக்கூடாது என்பது போலக் காலைத் தூக்கி நகர்த்தி வைத்துக்கொண்டு உட்கார்ந்தான்.

அண்ணன் தரையில் இறங்கி, எலும்பு எதுவும் நாய் வாய்க்குப் போகாமல் பொறுக்கி எடுத்தான், கம்பளியின் காலடியில் கிடந்ததையும், தையல் தழும்பு உள்ள அதே கையால். நான் சதையைப் பிய்த்து ஒவ்வொரு பெயராகச் சொன்னேன். ஜட்ஜ். பட்டாசு. கம்பளி.

சித்தப்பா சங்கிலியைக் கையில் சுற்றிக்கொண்டே நின்றார். "என்ன அண்ணி இது? இவ்வளவு மரியாதை தெரிஞ்ச நாயைக் கொண்டுபோனா, திருடன் வந்தா நாற்காலி போட்டு உக்கார வச்சிடுமே. எனக்கு இது சரிப்படாது."

"உங்களுக்குச் சரிப்பட்டாலும் நான் குடுக்கறதா இல்ல" என்றாள் அம்மா. "அவன் எங்க வீட்டுப் பையன். உக்காருங்க, சாப்பிடலாம்."

சாப்பிடக் கோழி எங்கே இருக்கிறது என்று யாரும் கேட்கவில்லை. முட்டை பொரித்தார்கள். நான் கூடத்தைத் துடைத்தேன், யாரும் சொல்லாமலே. துடைக்கும்போது அழுதேன். வெங்காயம் நறுக்கியது அடுத்த அறையில், அதனால் சாக்குச் சொல்லவும் முடியவில்லை.

மே 26, திங்கள்

ஜட்ஜின் கொட்டாவி ரகசியம் அண்ணனுக்குத் தெரிந்துவிட்டது. அவனே நேற்று காதைச் சொறிந்து சித்தப்பாவிடம் காட்டியிருக்கிறான், தான் பழக்கியதாக.

ஜூன் 15, ஞாயிறு

பள்ளிச் சுற்றுலா முடிந்து இன்று சாயங்காலம் வந்தேன். போன இடத்திலிருந்து நான் போன் செய்தபோதெல்லாம் எல்லாம் சரி, எல்லாம் சரி என்றே அம்மா சொன்னாள். எனக்கு நம்பிக்கையில்லை. நான் இல்லாமல் எப்படி?

வாசலில் பையை இறக்கும்போதே மூன்றும் மேலே வந்து விழும் என்று எதிர்பார்த்தேன், உண்மையைச் சொன்னால் ஆசையும்தான். யாரும் வரவில்லை. உள்ளே எட்டிப் பார்த்தேன். மூவரும் அவரவர் துண்டில். வால் மட்டும் தரையைப் பெருக்கிக்கொண்டிருந்தது. கிண்ணங்களை வைத்துவிட்டு அம்மா இடுப்பில் கைவைத்து நின்றாள், அவசரமே இல்லாமல்.

"ஜட்ஜ்," என்றாள். அவன் எழுந்து போனான். பக்கத்தில் கம்பளிக்கு ஒரு துணுக்கு, நான் கொடுப்பதைவிடப் பெரிது. "பட்டாசு." போனாள். கொஞ்சம் காக்க வைத்து, "கம்பளி, கண்ணா" என்றாள். நான் ஒருநாளும் கண்ணா போட்டுக் கூப்பிட்டதில்லை. பாடத்திட்டத்திலேயே இல்லாதது.

நான் வாசற்படியிலேயே நின்றிருந்தேன். மூன்று கிண்ணமும் காலியாகும் வரை உள்ளே போகத் தோன்றவில்லை. அம்மா திரும்பிப் பார்க்கவில்லை, ஆனால் நான் நிற்பது தெரியும்போல. தட்டு ஒன்றை மேசையில் வைத்துவிட்டு, வாலு என்று கூப்பிடாமல், என் பெயரைச் சொன்னாள்.

போனேன்.