சான்றிதழில் 2003

ஜூன் 3

போன வருடம் விபத்தில் இறந்துபோன அண்ணனின் மனைவி என்று சொல்லிக்கொண்டு வெளிநாட்டுக்காரி ஒருத்தி வந்திறங்கியிருக்கிறாள். கூடவே ஒரு பெண் குழந்தை. அப்பாவிடம் முறைத்துக்கொண்டு அண்ணன் கடல் கடந்து போனது 2008இல். அதற்கப்புறம் ஒரு வரி எழுதவில்லை. இப்போது எங்கிருந்து முளைத்தது இந்த உறவு? சேர்ந்து எடுத்த படங்களைக் காட்டுகிறாள். பக்கத்தில் நின்றவளெல்லாம் பெண்டாட்டியா?

அப்பா மாடி அறையைத் திறந்துவிட்டார்.

ஜூன் 7

அவள் சான்றிதழ்களையும் அவற்றின் ஆங்கில மொழிபெயர்ப்பையும் வாங்கிப் பார்த்தேன். அச்சகத்தில் பதினெட்டு வருடமாகப் பிழை திருத்துகிறேன், என்னிடமா? திருமணம் நடந்தது 2003! அந்த வருடம் அண்ணன் இதே வீட்டில் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தான்.

குழந்தை பிறந்தது 2009. அப்படியானால் வயது பதினைந்து. அதுவோ முன்பல் விழுந்த பொக்கை வாயோடு திரிகிறது. வேறு யாரோ பிள்ளையின் சான்றிதழ்.

ஜூன் 8

"இது போலிதானே?" என்று கேட்டேவிட்டேன். எங்கே பிசகு என்று மட்டும் சொல்லவில்லை. சொன்னால் உஷாராகிவிடுவாளே.

"நெஜம்தான். அவர் கையெழுத்து, பாருங்க" என்றாள். அண்ணன் கற்றுக்கொடுத்த தமிழாம். கையெழுத்து அவனுடையது மாதிரிதான் இருக்கிறது. மாதிரி!

ஜூன் 12

குழந்தையைப் பள்ளியில் சேர்க்கப் போனாள். நான் முந்திக்கொண்டு, சான்றிதழ் போலி என்று பள்ளி எழுத்தரிடம் சொல்லிவைத்திருந்தேன். திருப்பி அனுப்பிவிட்டார். மாடிப்படியில் உட்கார்ந்து அழுதாள். நன்றாகத்தான் நடிக்கிறாள்.

ஜூன் 20

கையும் களவுமாகப் பிடிக்க, அவள் நாட்டு மொழி தெரிந்த ஒரு மொழிபெயர்ப்பாளரிடம் கொண்டுபோனேன். அவர் சிரித்தார்.

"இது அவங்க நாட்டு வருஷம்மா. நம்ம கணக்குக்கு ஏழெட்டு கூட்டணும். மொழிபெயர்த்தவன் அப்படியே விட்டுட்டான்."

"ஒரே வருஷத்துக்கு எப்படிங்க ரெண்டு நம்பர்?"

சுவரில் தொங்கிய தினசரி காலண்டரைக் காட்டினார். "2024, குரோதி, திருவள்ளுவர் ஆண்டு 2055, ஹிஜ்ரி 1445. இன்னிக்கு ஒரு நாளுக்கே இத்தனை. இதுல எது போலி, சொல்லுங்க."

இவரும் அவளுக்குக் கூட்டாளியோ? பஸ்ஸில் உட்கார்ந்து திரும்பத் திரும்பக் கூட்டினேன். திருமணம் 2011. குழந்தைக்கு ஏழு வயது. பிசகவே இல்லை — ஐயோ, நான் என்ன காரியம் பண்ணிட்டேன்!

ஜூன் 21

"அன்னிக்கு அப்படி அடிச்சுச் சொன்னீங்களே?" என்றார் எழுத்தர். சான்றிதழ் சரிதான், என் கணக்குதான் தப்பு என்று சொன்னேன்.

அவளிடமும் சொன்னேன். "எந்த இடம் தப்புன்னு கேட்டிருந்தா நானே சொல்லியிருப்பேன்" என்றாள். அவ்வளவுதான். கதவைச் சாத்திக்கொண்டாள்.

ஜூலை 1

குழந்தைக்கு இரண்டாம் வகுப்பில் இடம் கிடைத்தது. அண்ணி இன்னும் என்னிடம் சரியாகப் பேசுவதில்லை. ஆனால் விண்ணப்பத்தில், பள்ளி விட்டதும் அழைத்துப்போக வருபவர் என்ற இடத்தில், என் பெயரை எழுதியிருக்கிறாள்.

மூன்றரைக்கு மணி அடிப்பார்களாம். மூன்றுக்கே கிளம்பிவிட வேண்டும்.