கார்களுக்குக் கீழே ஒரு கிணறு

சான்பெத்ரோ வாடி,
மும்பை.
நவம்பர் 9

என் அன்புக்கும் அதைவிடக் கொஞ்சம் கூடுதலாகக் கோபத்துக்கும் உரிய கஜேத்தனுக்கு,

இங்கே நானும் நம் மகள் ரெனிடாவும் சுகம். போனில் கல்யாணப் பேச்சை எடுத்தாலே உங்களுக்கு நடுக்கடலில் சிக்னல் போய்விடுகிறது. அதனால்தான் கடிதம். இதைப் பாதியில் துண்டிக்க முடியாதல்லவா? உங்கள் கப்பல் கொழும்புக்கு வரும்போது கையில் சேர்த்துவிடுவதாகக் கம்பெனி ஆபீசில் சொன்னார்கள்.

ரெனிடாவின் கல்யாணம் டிசம்பர் இருபத்தெட்டு என்று முடிவாகிவிட்டது. முந்தின நாள் சாயங்காலம் பாண்டு வாத்தியத்தோடு கிணற்றுக்குப் போய்ப் பெண்ணைக் குளிப்பாட்டத் தண்ணீர் கொண்டுவருவதுதானே நம் வழக்கம். முதல் குடத்தை நிரப்ப வேண்டியவர் தகப்பன். எந்தக் கிணற்றுக்குப் போவது, சொல்லுங்கள்? அங்கேதான் உங்கள் கையெழுத்தில் எழும்பிய இருபத்திரண்டு மாடி நிற்கிறதே.

உங்கள் குடும்பத்துக் கிணறுதான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அடுத்த வீட்டு போரா முஸ்லிம் சகீனாவிலிருந்து மீன் விற்கும் கோளிப் பெண்கள் வரைக்கும் வாடியின் எல்லா வீடுகளும் அதில்தான் தண்ணீர் எடுத்தன. யாரையும் ஒரு வார்த்தை கேட்காமல் கட்டட முதலாளிக்குக் கொடுத்துவிட்டீர்கள். பிறகு முகம் காட்ட முடியாமல் கப்பல் மாற்றிக் கப்பல் ஏறி ஆறு வருடத்தை ஓட்டிவிட்டீர்கள். எனக்குத் தெரியாதா என்ன?

ஊர் இப்போது தூக்கத்தில் பார்ப்பது போல இருக்கிறது. மாதா கோயில் மணிக்கூண்டுக்கும் மசூதிக்கும் நடுவே மெட்ரோ ரயில் சத்தமில்லாமல் மிதந்து போகிறது. அதிலிருந்து ஒரு குழந்தை தினமும் நம் சமையலறையைப் பார்த்துக் கையசைக்கும். நான் கரண்டியை அசைப்பேன். ஈரானி பேக்கரி இருந்த இடத்தில் முழுக்கக் கண்ணாடியால் ஒரு கட்டடம். மேகங்கள் அதற்குள் நுழைந்து, அவசரமே இல்லாமல் மறுபக்கம் வெளியே வருகின்றன. அடுப்பில் இருப்பதை மறந்து நானும் பார்த்துக்கொண்டே நிற்கிறேன்.

போன செவ்வாய்க்கிழமை பத்திரிகை கொடுக்க அந்த மாடிக் கட்டடத்துக்குப் போனேன். லிப்ட் ஓடவில்லை. கீழே கார் நிறுத்தத்தில் தண்ணீர் வந்துவிட்டதாம். காவலாளி தில்பகதூர் அலுத்துக்கொண்டான்: "நாலு பிளம்பர் வந்து பாத்தாச்சு ஆன்ட்டி. பைப்பே இல்லாத எடத்துல தண்ணி வருது."

என் கால்கள் தாமாகவே கீழே இறங்கின. சுற்றிச் சுற்றிப் போகும் சரிவு, மங்கலான விளக்கு, எருமைகள் படுத்திருப்பது போலக் கார்கள். கடைசி மூலையில் ஒரு சின்னக் குழி. அதில் தெளிந்த தண்ணீர் ஊறிக்கொண்டே இருக்க, மோட்டார் அதை இரவும் பகலும் வெளியே தள்ளிக்கொண்டிருந்தது. ஒரு கை அள்ளிக் குடித்தேன். முதலில் லேசான உவர்ப்பு, பிறகு நாக்கு நுனியில் இனிப்பு. நம் தண்ணீர்தான், கஜேத்தன். தரையிலேயே உட்கார்ந்து அழுதேன். தில்பகதூர் பயந்துபோய் நாற்காலி கொண்டுவந்தான்.

ஆறு வருடமாக நம் வீட்டோடு பேசாத சகீனாவிடம் நேரே போய்ச் சொன்னேன். செருப்பை மாட்டிக்கொண்டு கூடவே வந்தாள். குடித்துப் பார்த்தாள். இன்னொரு கை அள்ளிக் குடித்தாள். பிறகு சொன்னாள்:

"கஜேத்தன் கையெழுத்து போட்டா தண்ணி கேட்டுக்குமா? அதுக்கே கோவம் இல்ல, எனக்கு என்னடி கோவம்? அவன வரச் சொல்லு."

அவளே கட்டடத்துச் செயலாளரிடம் போய்ப் பேசி அனுமதி வாங்கிவிட்டாள். கல்யாணத்துக்கு முந்தின நாள் சாயங்காலம் இரண்டு மணி நேரம் மோட்டாரை நிறுத்துவார்கள். மேளத்தை மட்டும் மெதுவாகத் தட்ட வேண்டுமாம். இல்லாவிட்டால் எல்லாக் கார்களும் சேர்ந்து அலறிவிடும்.

நீங்கள் வராவிட்டால் என் தம்பி குடத்தை நிரப்பட்டும் என்றேன். ரெனிடா நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "மாமா வேணாம்மா. அப்பா வரலன்னா வெறும் குடத்தோட திரும்பி வந்துடறேன்" என்றாள். உங்கள் மகள், சொன்னால் செய்வாள்.

மாதா உங்களைப் பத்திரமாகக் கரை சேர்க்கட்டும். வாடியில் யாரும் உங்களிடம் கணக்குக் கேட்கப் போவதில்லை, நானும் கேட்கமாட்டேன். என் முழங்கால் முன்போல இல்லை. அந்தச் சரிவில் பிடித்துக்கொள்ள ஆள் இல்லாமல், அன்று தூண் தூணாகப் பிடித்துக்கொண்டுதான் இறங்கினேன். இருபத்தேழாம் தேதி தூணைப் பிடித்து இறங்க எனக்கு மனமில்லை.

உங்கள்,
ஹில்டா