ஒன்பதாம் நம்பரில் நேற்றைய யானை

9 ஜூன் 2025, திங்கள், காலை 7.40. நகர்த்த வேண்டிய ரிப்போர்ட் 31. நகர்ந்தது 0.

எஸ்டேட் ஃபேக்டரி ஆபீஸுக்குப் பின்னால் போன வாரம் மண் சரிந்தது. சரிவுக்கும் சர்வர் அறைக்கும் நடுவே பன்னிரண்டு அடி. அளந்து பார்த்தேன். அந்த அறை போனால் யானை ரிப்போர்ட்டும் போகும். காவல்காரர்கள் விடிவதற்குள் ஃபோனில் போடும் தகவலைச் சேர்த்து, எந்த நம்பர் தேயிலைக் காட்டில் யானை நிற்கிறது, எங்கே கொழுந்து பறிக்கப் போகக் கூடாது என்று தினமும் காலை ஆள் எண்ணி வேலை பிரிக்கும் மஸ்டருக்கு அனுப்புவது அதுதான். குன்னூர் ஆபீஸில் இன்னொரு மிஷின் சும்மா கிடக்கிறது. எல்லாவற்றையும் அதில் ஏற்ற வேண்டும். மேனேஜர் லியோ சார் தந்திருப்பது ஒரு வாரம்.

11 ஜூன்

19/31. பழைய சர்வரின் பாஸ்வேர்ட் யாருக்கும் தெரியவில்லை. எனக்கு முன்னால் இந்த வேலையில் இருந்தவன் அதைத் துண்டுச் சீட்டில் எழுதி, பிரின்டரின் அடியில் ஒட்டியிருக்கிறான். திட்டுவதா, கும்பிடுவதா?

12 ஜூன்

31/31. பத்து முறை டெஸ்ட். பத்தும் சரி.

மஸ்டருக்குப் போயிருந்தேன். சூப்பர்வைசர் பிரிஸில்லா அக்கா ரிப்போர்ட்டைச் சத்தமாக வாசிக்க, காவல்காரர் கருப்புசாமி பக்கத்தில் நின்று ஒவ்வொரு நம்பருக்கும் தலையாட்டுகிறார். ஒன்பதாம் நம்பர் — ஆட்டல். பதினாலு — ஆட்டல். நேர விரயம்.

"ஏனுங்க அக்கா, அதான் பேப்பர்ல இருக்குதுங்களே. விடிய விடிய முழிச்சிருந்தவரை ஊட்டுக்கு அனுப்பக் கூடாதுங்களா?"

"அவரு தலையாட்டாம இங்க ஒரு காலும் நகராதுங்க. உங்கம்மா காலும் சேத்துத்தான்."

வரிசையில் கூடையோடு நின்ற அம்மாவும் சிரித்தது.

14 ஜூன், சனி

ஒத்திகை. பழைய சர்வரை அணைத்துவிட்டு, காலை 5 மணிக்குக் குன்னூர் மிஷினிலிருந்து ரிப்போர்ட்டை ஓட்டினேன். வந்தது. மஸ்டரில் போய் நெஞ்சை நிமிர்த்தி நின்றேன்.

அக்கா வாசித்தார்: "ஒன்பதுல மூணு யானை. பதினாலுல ஒண்ணுமில்ல."

கருப்புசாமி தலையாட்டவில்லை.

"ஒன்பதுல நின்னது நேத்துங்க. இன்னைக்கு மூணும் பதினாலுல நிக்குது. ஃபோன்ல போட்டனே?"

இன்று பதினாலாம் நம்பருக்குப் போட்டிருந்தது நாற்பத்து மூன்று பேரை. பட்டியலில் இரண்டாவது பெயர் அம்மா.

என்னத்தடா கிழிச்ச நீ?

பார்த்தேன். குன்னூர் மிஷினின் கடிகாரம் கிரீன்விச் நேரத்தில் இருக்கிறது, நமக்கு ஐந்தரை மணி நேரம் பின்னால். நம்முடைய காலை 5 அதற்கு முந்தைய நாள் இரவு 11.30. "இன்றைய தகவல் கொடு" என்றால் நேற்றையதைக் கொடுத்திருக்கிறது. என் பத்து டெஸ்டும் பட்டப்பகலில். பகலில் தேதி ஒன்றுதானே! பேப்பரின் தலையில் 13 என்றே அச்சாகியிருந்தது. ஒருவரும் பார்க்கவில்லை. நானும்தான்.

திருத்த ஆனது நாற்பது விநாடி. மூன்று முறை தப்பாகத் தட்டியது கணக்கில் இல்லை.

எல்லோரையும் ஆறாம் நம்பருக்கு மாற்றினார்கள். போகிற போக்கில் அம்மா கேட்டது: "ஏன்டா, உன் பொட்டிக்கு இன்னும் நேத்துதானா?"

15 ஜூன், ஞாயிறு

காலை 5. சரியாக வந்தது. மறுபடி ஓட்டினேன். சரி. மறுபடி.

17 ஜூன்

மதியம் மூன்று மணிக்குச் சரிவு முழுதாக இறங்கிவிட்டது. சர்வர் அறையில் ஜன்னல் உயரத்துக்குச் சேறு. உள்ளே யாருமில்லை. லியோ சார் ஃபோனில், "எல்லாம் போச்சா?"

"அறை போச்சு சார். வேற எதுவும் போகல."

18 ஜூன், புதன்

ரிப்போர்ட் 5.00-க்குக் குன்னூரிலிருந்து வந்தது. தேதி 18. அக்கா நாலு நம்பர் வாசித்தார். நான் பேப்பரைப் பார்க்கவில்லை, கருப்புசாமியின் தலையையே பார்த்துக்கொண்டிருந்தேன். நாலு முறை ஆடியது. அம்மா கூடையை மாட்டிக்கொண்டு கிளம்பியது.

அப்பாடா.

இனி:

1. தூங்கணும்.
2. சேற்றிலிருந்து பழைய சர்வரை எடுக்கணும். பிரின்டரையும்.
3. எந்த டெஸ்டும் ரிப்போர்ட் ஓடும் அதே நேரத்தில்தான். பகலில் கிடையாது.
4. 31 ரிப்போர்ட் பட்டியலில் 32-வதாகக் கருப்புசாமியைச் சேர்க்கணும். அவர் லீவில் போனால் தலையாட்ட யார் இருக்கிறார்கள்? கேட்கணும்.