அறுபதாவது அட்டை

என் சேகரண்ணாவுக்கு,

போன ஞாயிற்றுக்கிழமை உன் சிநேகிதன் முரளியை நம் தறிக்கு எதிரே உட்கார வைத்தேன். இருபத்திரண்டு நிமிடம் எழுந்திருக்க விடவில்லை. ஊரே பார்த்தது. ஆனாலும் உன்னிடம் சொன்னால்தான் எனக்கு அது நடந்த மாதிரி இருக்கும்.

நீ இருந்திருந்தால் "உடு கலா, பாவம்" என்றிருப்பாய். உன் வாயில் எப்போதும் அதுதானே வரும்? நீ இல்லாத வீட்டில் பாவம் பார்க்க ஆள் இல்லை என்று அவனுக்கும் தெரியட்டும் என்றுதான் செய்தேன்.

நீ போய்ப் பன்னிரண்டு வருடம் ஆகிறது. போன வருடம் வேலூரிலிருந்து ஆரணிக்குப் பஸ்ஸில் வந்துகொண்டிருந்தேன். கண்ணமங்கலத்தில் கண்ணாடி போட்ட ஒரு காலேஜ் பெண் ஏறி என் பக்கத்தில் உட்கார்ந்து, போனில் ஏதோ பாட்டு வைத்தாள். எனக்குக் கால் தானாக ஆடியது. அது என் மிதி, அண்ணா. என் தறி. அதன் மேல் உன் கிட்டார் அழுதுகொண்டிருந்தது.

"யாரும்மா இது?" என்று கேட்டேன்.

"முரளின்னு ஒருத்தர், ஆன்ட்டி. எல்லாம் அவரே தனியா பண்ணது. மனசை எங்கயோ இழுத்துட்டுப் போற மியூசிக், சைக்கடெலிக்னு சொல்வாங்க. பரீட்சைக்கு முன்னாடி இதைக் கேட்டாதான் எனக்கு மனசு அடங்கும். அவரும் ஆரணிதான், தெரியாதா?"

தெரியாதா என்று கேட்கிறாள்! அவன் நம் வீட்டில் எத்தனை நாள் சாப்பிட்டான் என்று எனக்குத் தெரியும். உன் பதினாறாம் நாள் காரியத்தன்று தூணைப் பிடித்துக்கொண்டு அழுததும் தெரியும். "சேகர் ஞாபகமா நீங்க ரெண்டு பேரும் சேர்ந்து பண்ண அந்தக் கேசட்டை மட்டும் குடு கலா, நான் பத்திரமா வெச்சுக்கறேன்" என்றான். நான்தான் பீரோவைத் திறந்து என் கையால் எடுத்துக் கொடுத்தேன். அப்போது நீ ஏன் எதையாவது தள்ளிவிட்டு ஒரு சத்தம் போடவில்லை?

நீ கேட்கும் கேசட்டுகளை முதலில் எனக்குப் பிடிக்காது. வேலூர் பழைய கேசட் கடையில் நீ வாங்கி வருவாயே, ஒரு பக்கம் முழுவதும் ஒரே பாட்டு. பல்லவி கிடையாது, சரணம் கிடையாது. ஆர்கன் மழை மாதிரி ஆரம்பிக்கும், கிட்டார் எங்கோ தூரத்திலிருந்து கூப்பிடும், பத்து நிமிடம் ஆகியும் யாரும் வாயைத் திறக்க மாட்டார்கள். "பாடறவன் எங்க போய்ட்டான்?" என்று கிண்டல் செய்வேன்.

"எங்கயும் போவல. பாட்டு நெய்துகினு இருக்குது. நீ மட்டும் ஒரு சேலையை மூணு நிமிசத்துல முடிச்சுடறியா?" என்றாய்.

அன்றிலிருந்து எனக்குக் கேட்க வந்துவிட்டது. ஒரே இடத்துக்குத் திரும்பித் திரும்பி வந்தாலும் ஒவ்வொரு தடவையும் ஒரு இழை கூடியிருக்கும். அவசரமே படாத பாட்டு. உன் கேசட்டில் இருந்தவர்கள் பாதிப் பேர் கிழவர்களாகிவிட்டார்கள், மீதிப் பேர் போய்விட்டார்கள். கண்ணமங்கலத்துப் பெண்ணுக்கு அதெல்லாம் தெரியாது. அந்தச் சத்தத்தின் வாரிசைத்தான் அவள் பஸ்ஸில் கேட்டுக்கொண்டிருந்தாள். உன் பெயர் தெரியாமல் கேட்டுக்கொண்டிருந்தாள் என்பதுதான் என் வயிற்றெரிச்சல்.

அட்டைக் கதை உனக்குத் தெரியும். இதைப் படிக்கிறவர்களுக்காகச் சொல்கிறேன். தறிக்கு மேலே உள்ள பெட்டியில் அட்டைகளைக் கோத்து மாலையாகத் தொங்கவிடுவோம். மிதிக்கும்போது ஓர் அட்டை நகரும். அட்டையில் ஓட்டை இருக்கிற இடத்தில் கொக்கி எழுந்து பார்டரின் இழையைத் தூக்கும், 'டடக்' என்று இறங்கும். மயில் பார்டருக்கு அறுபது அட்டை. நான் கோத்தபோது ஐம்பத்தொன்பதுதான் சரி. அறுபதாவதாக ஓட்டையே போடாத வெற்று அட்டையைச் சேர்த்துவிட்டேன். அது வரும்போது கொக்கி எதுவும் எழாது, மிதி பொசுக்கென்று இறங்கும். ஒவ்வொரு மயிலின் கழுத்திலும் ஒரு கீற்று விட்டுப்போனது.

நைனா பார்த்துவிட்டுக் கத்தினார். "யாரு கோத்தது? கண்ணை எங்க வெச்சிருந்தீங்க?"

"நான்தான் நைனா" என்று நீ முன்னால் வந்து நின்றாய். முழுத் திட்டையும் வாங்கிக்கொண்டாய். அவர் போன பிறகு என்னிடம் வந்து, "அட்டையை மாத்தாத கலா. அந்த ஒரு அடி காலியா வுழுது பாரு, அங்கதான் பாட்டு இருக்குது" என்றாய். அன்று மத்தியானமே டேப் ரிக்கார்டரைத் தறிக்குக் கீழே வைத்தாய். நான் நெய்தேன், நீ கிட்டார் வாசித்தாய். அந்தச் சேலையைக் கடைக்காரர் திருப்பி அனுப்பிவிட்டார். அதைத்தான் என் கல்யாணத்துக்குக் கட்டினேன்.

என் தப்பைத் தன் பேரில் போட்டுக்கொண்டவன் நீ. உன் பாட்டைத் தன் பேரில் போட்டுக்கொண்டவன் அவன்.

பஸ்ஸிலேயே அந்தப் பெண்ணிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் முதலில் நம்பவில்லை. முரளியின் பேட்டி ஒன்றைப் போனில் காட்டினாள். அறுபது அடிக்கு ஒரு முறை ஏன் ஓர் இடைவெளி வருகிறது என்று யாரோ கேட்கிறார்கள். அவன் கண்ணை மூடி, "அது பிரபஞ்சம் மூச்சு விடற இடம்" என்கிறான். என் கவனக்குறைவு, அண்ணா! நைனா திட்டிய திட்டு! அதற்குப் பிரபஞ்சம் என்று பெயர் வைத்திருக்கிறான். எனக்குச் சிரிப்பும் வந்தது, அவனை அறையவும் கை வந்தது. பழைய அட்டை மாலை பரணில் இருப்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. அதைச் சொல்லி அவள் போன் நம்பரை வாங்கிக்கொண்டேன். அவன் என்றாவது ஊருக்கு வருவான் என்று ஒரு வருடம் காத்திருந்தேன்.

போன ஞாயிறு கல்யாண மண்டபத்தில் அவனுக்குப் பாராட்டு விழா நடந்தது. நான் மயில் சேலையைக் கட்டிக்கொண்டு முன்வரிசையில் உட்கார்ந்தேன். கண்ணாடிப் பெண்ணையும் வரச் சொல்லியிருந்தேன். மாலையும் பொன்னாடையும் முடிந்து முரளி மைக்கைப் பிடித்தான். தறிச் சத்தம் கேட்டு வளர்ந்தவனாம். அந்தச் சத்தத்துக்குக் கடன்பட்டவனாம். உன் பெயர் வருமா என்று கடைசி வரை பார்த்தேன். வந்திருந்தால் நான் பேசாமல் வீட்டுக்குப் போயிருப்பேனோ என்னவோ. வரவில்லை.

எழுந்து நின்றேன். "முரளியண்ணா, ரெண்டு தெரு தள்ளித்தான் எங்க வீடு. தறிச் சத்தம் கேட்டு ரொம்ப நாளாச்சு இல்ல? ஒரு எட்டு வந்து கேட்டுட்டுப் போங்க" என்றேன். அத்தனை போன்களுக்கு முன்னால் அவனால் மாட்டேன் என்று சொல்ல முடியவில்லை. பின்னால் ஐம்பது பேர் வந்தார்கள்.

பழைய அட்டைகளை முந்தின நாளே ஏற்றி வைத்திருந்தேன். முரளியை எதிரே உட்கார வைத்து மிதிக்க ஆரம்பித்தேன். கண்ணாடிப் பெண் அவனுடைய பாட்டைப் போனில் ஓடவிட்டு, என் மிதியோடு சேர்த்து எண்ணினாள். ஐம்பத்தெட்டு, ஐம்பத்தொன்பது. தறியில் ஓர் அடி காலியாக விழுந்தது. போனிலும் அதே அடி காலியாக விழுந்தது. பேசிக்கொண்டிருந்தவர்கள் தறிப் பக்கம் நெருங்கி வந்தார்கள். நான் மிதித்தபடியே முந்தானையைப் பிரித்து, ஒரு மயிலின் கழுத்தில் விட்டுப்போன கீற்றைக் காட்டினேன். அதற்குமேல் யாருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

முரளி எழப் பார்த்து என் காதருகே குனிந்தான். "கலா, உள்ள போயி பேசிக்கலாம். எல்லாரும் பாத்துகினு இருக்காங்க. பேஜார் பண்ணாத."

"உக்காருங்கண்ணா. பாட்டு இன்னும் பதினெட்டு நிமிசம் இருக்குது" என்றேன்.

உட்கார்ந்தான். பொன்னாடை நழுவி மடியில் விழுந்ததைக் கூட எடுக்கவில்லை. என் முட்டி வலித்தது, இருந்தும் நிறுத்தவில்லை. உன் கிட்டார் உயர ஏறுமே, அந்த இடம் வந்தபோது நான் அழுதேன். மிதி மட்டும் தப்பவில்லை.

முடிந்ததும் அவன் கையெடுத்துக் கும்பிட்டான். "தப்புதான் கலா. பேரு போட்டுடறேன்" என்றான். நாளைக்கு என்று விட்டால் அது நடக்காது. அங்கேயே அவன் போனை வாங்கிக் கண்ணாடிப் பெண்ணிடம் கொடுத்தேன். நான் சொல்லச் சொல்ல அவள் பாட்டுக்குக் கீழே எழுதினாள்:

இசை, கிட்டார்: சேகர், ஆரணி.
தறி: கலா.
கேசட்டை எடுத்துச் சென்றவர்: முரளி.

"அந்தக் கடைசி வரி மட்டும் வேணாம் கலா, உன் காலைப் புடிக்கறேன்" என்றான்.

நான் பெரிதாக ஒரு மூச்சு விட்டேன். "பிரபஞ்சம் மூச்சு விட்டுச்சுன்னு வெச்சுக்கோங்க" என்றேன். கூட்டம் சிரித்தது. அந்தச் சிரிப்பு உனக்குக் கேட்டதா?

நான்கு நாளாக அவன் போன் செய்துகொண்டே இருக்கிறான். எடுப்பதில்லை. மனது ஆறிவிட்டதா என்று கேட்காதே. ஆறவில்லை. அந்தப் பெண் உன் பெயரைச் சொல்லித் தன் தோழிகளுக்குப் பாட்டு வைப்பதைக் கேட்கும்போது கொஞ்சம் குளிர்கிறது, அவ்வளவுதான்.

அடுத்த மாதம் உன் திவசம். முரளி வரவேண்டும் என்று ஆள் மூலம் சொல்லி அனுப்பியிருக்கிறேன். வருடா வருடம் வந்து தறிக்கு முன்னால் உட்கார்ந்து முழுப் பாட்டையும் கேட்க வேண்டும், அப்புறம்தான் அவனுக்கு இலை. நீ வந்தால் "பாவம்" என்று சொல்லாமல் சும்மா கேட்டுக்கொண்டிரு. அந்த அறுபதாவது அட்டையில் நான் ஓட்டை போட மாட்டேன். அவனை மன்னிக்கவும் மாட்டேன். இரண்டும் உன் மேல் சத்தியம்.

உன் பாட்டுக்குத் தறி மிதித்த தங்கை,
கலா